ஐப்பசியில் அடங்காத ஜன்னல்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஐப்பசி பிறந்தால் அவர் வீட்டுக் கூடத்து ஜன்னல் சாத்த வராதாம். மாமனார் காலத்துத் தேக்கு. ஆசாரி வந்து பார்த்துவிட்டு, ஓரத்தை இழைத்துவிடலாம் என்கிறார். மகனோ நிலையோடு பெயர்த்துப் போட்டுவிட்டு யுபிவிசி வைக்கலாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம் அம்மா. முதலில் கீலைப் பாருங்கள். ஊதிவிட்டது என்று நாம் சொல்லும் ஜன்னல்களில் பல ஊதியே இருக்காது, தொங்கியிருக்கும். மேல் கீலின் ஸ்க்ரூ தளர்ந்தால் கதவு தலை சாய்ந்து, கீழ் மூலை நிலையில் இடிக்கும். எங்கள் வீட்டில் ஒருமுறை திருப்புளியைக்கூட எடுக்கவில்லை, ஸ்க்ரூ விரலோடு வந்துவிட்டது. துளைக்குள் மரம் தூள் தூளாகியிருந்தது. மூங்கில் குச்சியை ஃபெவிகாலில் தோய்த்துத் துளைக்குள் இறுக்கி அடித்தேன். மறுநாள் மட்டமாக நறுக்கி, நடுவில் சின்னதாக ஒரு துளை போட்டு, அதே பழைய ஸ்க்ரூவை முடுக்கினேன். பன்னிரண்டு வருஷமாகிறது, அசையவில்லை.

அடுத்தது பெயின்ட். பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கை அடித்து அடித்து, ஓரமெல்லாம் தோசைக்கல்லின் விளிம்பு போலத் தடித்துப் போயிருக்கும். அதைச் சுரண்டினாலே பல கதவுகள் வழிக்கு வந்துவிடும். ஆனால் உலர்ந்தபடியே தேய்க்காதீர்கள். வீட்டு பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். மாமனார் காலத்துப் பூச்சில் என்ன இருக்கிறதோ! தண்ணீர் தொட்டுச் சுரண்டுங்கள், முகக்கவசம் போடுங்கள், பேரக் குழந்தைகளைப் பின்கட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சாத்தவில்லை என்றால் மரம் நிஜமாகவே ஊதியிருக்கிறது. அதில்தான் எனக்குப் பிடித்த வேடிக்கை இருக்கிறது. மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஊதுவதில்லை. பச்சைத் தேக்கு முழுக்கக் காய்ந்தால், வளையங்களை ஒட்டிய திசையில் சுமார் 6 சதவீதம் சுருங்கும். மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அதில் பாதிகூட இருக்காது. நீளவாக்கில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. காற்றில் ஈரம் ஏறி இறங்கும்போதும் இதே ஓரவஞ்சனைதான். கார்த்திகையில் கதவு அகலத்தில் பருக்கும், உயரத்தில் அப்படியே நிற்கும்.

பழைய தச்சர்கள் இதை அளந்து பார்த்துக் கற்றவர்கள் இல்லை. ஆனால் உங்கள் ஜன்னல் கதவை உற்றுப் பாருங்கள். நான்கு ஓரச் சட்டங்களும் மெலிவாக இருக்கும், நடுவில் அகலப் பலகை. ஊதுவது முக்கியமாக அந்தப் பலகைதான். அதைச் சட்டத்தோடு ஒட்டவே மாட்டார்கள். சட்டத்தின் உட்புறம் காடி எடுத்து, பலகையின் விளிம்பை அதற்குள் சும்மா செருகி வைப்பார்கள். பள்ளிக்கூடம் திறக்கும்போது அம்மா எனக்கு ஒரு சைஸ் பெரிய சட்டையாகவே எடுப்பார். கடைக்காரர் முகம் சுளித்தால், “வளர்ற பிள்ளை” என்பார். காடியில் விட்ட இடம் அதுதான். மழையில் பலகை அதற்குள் வளரும், பங்குனியில் சுருங்கி வெளியே வரும், சட்டத்துக்குச் செய்தியே போகாது. இதில் இரும்பு இல்லை, ரப்பர் இல்லை, பசைகூட இல்லை.

அந்தக் காடியில்தான் நம் பெயின்டர்கள் பட்டியைத் திணித்து வழித்து, ‘சந்து தெரியாமல்’ செய்து தருகிறார்கள். நாமும் நேர்த்தி என்று மெச்சிக் கூலி கொடுக்கிறோம். ஓடியாட இடமில்லாத பலகை கோடையில் சுருங்கும்போது நட்டநடுவில் வெடிக்கிறது. உடனே மரம் சரியில்லை என்கிறோம்! காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளின் முன்னால் சாத்தி வைத்திருக்கும் பர்மா தேக்கு ஜன்னல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அவற்றில் எத்தனை ஒரு குச்சிக்கும் ஒரு சுரண்டலுக்கும் காத்திருந்தவையோ.

சட்டத்தின் அடிப்பகுதி உளுத்திருந்தாலும் முழுக் கதவையும் தூக்கிப் போட வேண்டாம். நெடுக்குச் சட்டத்தின் வெட்டுமுனை உறிஞ்சுகுழல் போலத் தண்ணீரை இழுக்கும், அதனால்தான் எப்போதும் அங்கேயே உளுக்கிறது. கெட்ட பாகத்தைச் சாய்வாக அறுத்தெடுத்து, நல்ல மரத்துண்டை ஒட்டவைக்க விஷயம் தெரிந்த ஆசாரிக்கு அரை நாள் போதும். புதுத் துண்டின் வெட்டுமுனைக்கு பெயின்ட் காட்டச் சொல்லுங்கள், அதைத்தான் மறந்துவிடுவார்கள்.

இழைப்பு விஷயம். நான் ஒரு கார்த்திகையில் அவசரப்பட்டு இழைத்தேன். சித்திரையில் அந்தச் சந்து வழியாகப் பல்லி போய் வந்துகொண்டிருந்தது. ஆகவே இப்போது நிலையின் ஓரத்தில் சாக்பீஸ் தடவி, கதவை மெல்லச் சாத்திப் பாருங்கள். கதவில் எங்கே வெள்ளை ஒட்டுகிறதோ அங்கே பென்சிலால் குறித்துவிட்டு, மெழுகுவத்தியைத் தேய்த்து வையுங்கள். தை கழிந்து ஆசாரியைக் கூப்பிட்டு, அந்தக் குறியைக் காட்டுங்கள். அங்கே ஏற்கெனவே ஒரு சல்லிக்காசு நுழையுமளவு இடைவெளி இருந்தால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.