பூட்டிய அலமாரியும் ஒரு கொழுக்கட்டைக் கதையும்

1996-ஆம் ஆண்டு ஜூலை மாதம், தில்லியில் ஓர் ஆரம்பப் பள்ளியில் நூலகராக வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் தலைமையாசிரியை என் கையில் தந்தது ஒரு சாவிக் கொத்து. "மேடம், ஐந்து அலமாரி, ஐந்து சாவி. புத்தகம் தொலைந்தால் உங்கள் பொறுப்பு" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் புத்தகங்கள் நின்றன, வரவேற்பறை ஷோகேஸில் வெற்றிக் கோப்பைகள் நிற்பதைப் போல. பார்க்கலாம், தொடக் கூடாது.

வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வகுப்புக்கும் லைப்ரரி பீரியட் உண்டு. குழந்தைகள் வரிசையாக வந்து உட்காருவார்கள். "ஃபிங்கர் ஆன் லிப்ஸ்!" என்று வகுப்பாசிரியை ஒரு குரல் கொடுப்பார். நாற்பது குழந்தைகளும் உதட்டில் விரலை வைத்துக்கொள்வார்கள். ஆசிரியை நோட்டுத் திருத்துவார். நான் பதிவேட்டை நிரப்புவேன். நாற்பது நிமிடம் கழித்து மணி அடிக்கும், போய்விடுவார்கள். தில்லியில் பிள்ளைகளைப் படிக்க வைத்த நம்மவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நான்கு மாதம் நானும் அலமாரிகளைப் பூட்டித்தான் வைத்திருந்தேன். மாதக் கடைசியில் வாடகை கட்ட என் சம்பளம் தேவைப்பட்டது. ஐம்பது ரூபாய்ப் புத்தகம் ஒன்று தொலைந்தாலும் மனசு அடித்துக்கொள்ளும்.

மாற்றியவர் ஒரு கணக்கு வாத்தியார். 1892-இல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன்தான் அவர். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதியின் சாரம். அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகம் போனது. பின்னாளில், 1947-இல், இதே தில்லிப் பல்கலைக்கழகத்துக்கு வந்து நூலகக் கல்வி கற்பித்தார். நூலகப் படிப்பில் அவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அப்படிப்பட்டவள் இடுப்பில் சாவியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே என்று ஒரு நாள் வெட்கமாகிவிட்டது. தீபாவளி விடுமுறை முடிந்த மறுநாள் ஐந்து அலமாரிகளையும் திறந்து வைத்தேன்.

அந்தக் கல்வியாண்டு முடிவில் ஏழு புத்தகங்களைக் காணவில்லை. என் சம்பளத்திலிருந்துதான் கட்டினேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு, மத்திய அரசின் 2005-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளைப் படித்தபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. அரசு நூலகங்களில் ஓராண்டில் எடுத்துப் படிக்கப்படும் ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து தொலைவது இயல்பான இழப்பு என்று அதிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 2017-இல் வந்த புதிய விதிகளிலும் இது இருக்கிறது. எங்கள் பள்ளி தனியார் பள்ளி, இது நேரடியாகப் பொருந்தாது. இருந்தாலும், பயந்து பயந்து பூட்டிவைக்கும் என்னைப் போன்ற நூலகர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எண்களைத் துரத்தும் விளையாட்டு

திறந்துவிட்டால் மட்டும் போதுமா? முதல் வாரம் குழந்தைகள் புத்தகங்களை இழுத்துப் போட்டு, படம் பார்த்து, சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் ஒரு விளையாட்டு யோசித்தேன்.

பள்ளி நூலகங்களில் பெரும்பாலும் மெல்வில் டூயி 1876-இல் வகுத்த எண் முறைதான் புழக்கத்தில் இருக்கிறது. விண்வெளிக்கு 520, விலங்குகளுக்கு 590, பறவைகளுக்கு 598, நாட்டுப்புறக் கதைகளுக்கு 398.2. வீட்டுக்குக் கதவு எண் இருப்பது போல ஒவ்வொரு புத்தகத்துக்கும் முதுகில் ஒரு எண் இருக்கும். சீட்டில் எண்ணை மட்டும் எழுதி இருவர் இருவராகக் கொடுத்தேன். தேடிக் கண்டுபிடித்து, அந்தப் புத்தகத்திலிருந்து மற்றவர்களுக்குத் தெரியாத ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். டைனோசர் இருக்கும் 567.9 இரண்டே வாரத்தில் பள்ளி முழுவதற்கும் மனப்பாடம்.

இதில் எதிர்பாராத ஒரு லாபம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 598.2-ஐ முன்னாலும் 598.15-ஐப் பின்னாலும் வைத்தார்கள். "15 பெரிசு, 2 சின்னது" என்பது அவர்கள் வாதம். ரூபாய், பைசாவாக நினைத்துப் பாருங்கள் என்றேன். 598 ரூபாய் 15 பைசா, 598 ரூபாய் 20 பைசா. ஒரு பெண் பளிச்சென்று தலையில் தட்டிக்கொண்டு இரண்டையும் இடம் மாற்றி வைத்தாள். தசமப் புள்ளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கணக்கு ஆசிரியை அடுத்த வாரம் நோட்டுத் திருத்தவில்லை. எங்களோடு சீட்டு எழுதினார்.

புத்தக மருத்துவமனை

கிழிந்த புத்தகங்களை ஒரு மேஜையில் அடுக்கி "ஆஸ்பத்திரி" என்று எழுதி வைத்தோம். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் டாக்டர்கள். மருந்து, மைதாப் பசை. பைண்டிங் கடைக்காரர்கள் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது. அதனால் அன்றன்றைக்கு வேண்டிய பசையை மட்டும் காய்ச்சி எடுத்துப் போவேன். ஆகஸ்ட் 15-க்குத் தில்லி வானம் முழுக்கப் பட்டம் பறக்குமே, அந்தப் பட்டக் காகிதம்தான் கட்டுத் துணி. செல்லோடேப்புக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் அனுமதி கிடையாது. நாளாக ஆக அது மஞ்சளாகிக் கழன்றுவிடும், பசை மட்டும் தாளில் ஊறிக் கறையாக நிற்கும். ஒரு புத்தகத்தைத் தன் கையால் ஒட்டிய பிள்ளை அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தையும் கிழித்து நான் பார்த்ததில்லை.

கதை வாசிக்கும்போது முக்கியமான இடத்தில் நிறுத்திவிட்டு, அடுத்து என்ன நடக்கும் என்று படம் வரையச் சொல்வதும் உண்டு. நாற்பது பேர் நாற்பது முடிவு வரைவார்கள். ஒன்றை மட்டும் நானே எனக்கு விதித்துக்கொண்டேன். கதை முடிந்ததும் "இதிலிருந்து நாம் அறியும் நீதி என்ன?" என்று கேட்பதில்லை. கேட்டால் கதை அந்த நிமிஷமே பாடமாகிவிடுகிறது.

வீட்டிலிருந்து ஒரு கதை

இனிச் சொல்லப் போவதற்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுத உட்கார்ந்தேன்.

2003-இல் மூன்றாம் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கதை கேட்டு வந்து சொல்ல வேண்டும். பஞ்சாபி, வங்காளி, பிகாரி, மராட்டி என்று எல்லா வீட்டுக் கதைகளும் வந்தன. நம் தமிழ்ப் பையன் ஒருவன் வெறுங்கையோடு நின்றான்.

"எங்கள் வீட்டில் யாருக்கும் கதை தெரியாது, மேம்."

"வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?"

"அப்பா, அம்மா ஆபீஸ் போய்விடுவார்கள். பாட்டி இருக்கிறார். ஆனால் அவருக்கு ஒன்றுமே தெரியாது. ஹிந்திகூடத் தெரியாது."

அவன் குரலில் கேலி இல்லை. மின்விசிறிக்கு இறக்கை மூன்று என்பது போல ஒரு தகவலாகச் சொன்னான். எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. நான்கு ஆண்டுகளுக்கு முன் காலமான என் தாயார், எங்களோடு தில்லியில் ஆறு வருஷம் இருந்தார். என் மகள் ஹோம்வொர்க்கில் இருப்பாள், நான் சமையலில் இருப்பேன். அம்மா பால்கனியில் உட்கார்ந்து கீழே போகும் காய்கறி வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கதை வாசித்த நான், என் மகளை அவர் மடியருகே உட்கார வைத்து ஒரு கதை கேட்கச் சொன்னதில்லை.

அன்று மாலையே பையனின் அம்மாவுக்குத் தொலைபேசி செய்தேன். அவர் தயங்கினார். "டீச்சர், அத்தை மதுரைப் பக்கத்துக் கிராமத்துல இருந்து வந்தவங்க. மாமா தவறின பிறகு இங்கே கூட்டிட்டு வந்தோம். பள்ளிக்கூடத்துல வந்து என்ன பேசுவாங்க? புள்ளைங்க சிரிச்சிடப் போவுது."

"சிரிக்கிற கதையாச் சொல்லச் சொல்லுங்க" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் வந்தார். சுங்கடிச் சேலை, அதன் மேல் மருமகளின் ஸ்வெட்டர். நாற்காலியில் உட்கார மறுத்துத் தரையில் குழந்தைகளோடு அமர்ந்தார். பேரன் பக்கத்தில், மொழிபெயர்ப்பாளனாக. அவன் காது சிவந்திருந்தது.

அவர் எடுத்தது நம் எல்லோருக்கும் தெரிந்த கொழுக்கட்டைக் கதை. மாமியார் வீட்டில் கொழுக்கட்டை சாப்பிட்டவன், பெயர் மறந்துவிடக் கூடாதே என்று "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே ஊர் திரும்புகிறான். வழியில் ஒரு வாய்க்கால். "அத்திரிபாச்சா!" என்று ஒரே தாண்டு. தாண்டியதும் கொழுக்கட்டை மறந்துவிட்டது, அத்திரிபாச்சாதான் வாயில் நிற்கிறது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் அத்திரிபாச்சா செய்து தா என்று பிடிவாதம்.

வாய்க்காலுக்கு "நாலி" என்றான் பையன். கொழுக்கட்டையில் மாட்டிக்கொண்டான். "மோதக்!" என்று ஒரு மராட்டிப் பெண் உதவிக்கு வந்தாள். பையன் யோசித்துத் தலையாட்டினான். "கொஞ்சம் அப்படித்தான். ஆனால் எங்களுடையது வேறு." அந்த "எங்களுடையது" என்ற சொல்லை அவன் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

பாட்டி எழுந்து சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து "அத்திரிபாச்சா!" என்று ஒரு சின்னத் தாண்டு தாண்டிக் காட்டினார். அவ்வளவுதான், நூலகம் இரண்டுபட்டது. நாற்பது குழந்தைகளும் அத்திரிபாச்சா சொல்லிக்கொண்டு பெஞ்சுகளைத் தாண்டினார்கள். சத்தம் அடங்கியதும் பிகார்ப் பையன் ஒருவன் எழுந்தான். "இது எங்கள் நானி சொல்லும் கிச்சடிக் கதை!" என்றான். அவன் சொன்னது சரி. ஹிந்தி பேசும் ஊர்களிலும் இதே போல ஒருவன் கிச்சடியை மறந்து "காச்சிடி" என்றும் "உட்சிடி" என்றும் உளறி வழியெல்லாம் அடி வாங்குவான். அந்தக் கதையை அவன் சொல்ல, பையன் அதைத் தட்டுத் தடுமாறித் தமிழில் பாட்டிக்குச் சொன்னான். பாட்டி வாய்விட்டுச் சிரித்தார். ஹிந்தி தெரியாதவர், அந்தக் கிச்சடிக்காரனைப் பற்றிப் பேரனிடம் இரண்டு முறை திருப்பிக் கேட்டுக்கொண்டார்.

ஒன்று கவனித்தேன். நான் கேட்டு வளர்ந்த கதையில் கணவன் கோபத்தில் மனைவியை அடிப்பான், அவள் நெற்றி கொழுக்கட்டை போல வீங்கும். பாட்டி சொன்னதில் கோபமாக வெளியே பாய்ந்தவனின் தலைதான் வாசல் நிலையில் முட்டி வீங்கியது. பிறகு இதைக் கேட்டேன். "டீச்சரம்மா, பச்சப் புள்ளைககிட்டப் போயி பொண்டாட்டிய அடிச்சான்னு சொல்லலாமா? அதான் அவனையே முட்ட விட்டுட்டேன்" என்றார். ஒன்றும் தெரியாதவர் என்று பெயர் வாங்கியவர் சொன்ன பதில் இது.

ஒரு தாளில் ஒரு புத்தகம்

மறுவாரம் அந்தக் கதைகளைப் புத்தகமாக்கினோம். செலவு ஒரு தாள். நீங்களும் செய்யலாம். தாளை மும்முறை பாதிபாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டங்கள் வரும். குறுக்கே பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக் கோட்டில் ஒரே ஒரு கட்டத்தின் நீளத்துக்கு வெட்டுங்கள். பிரித்து, இப்போது நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் நடுவில் கூட்டல் குறி போல விரியும். சுற்றி மடித்தால் முன் அட்டை, பின் அட்டை, உள்ளே ஆறு பக்கம். பசை வேண்டாம், நூல் வேண்டாம்.

பையன் ஆறு பக்கத்துக்கும் படம் வரைந்து ஹிந்தியில் எழுதினான். அட்டையில் மட்டும் தலைப்பு தமிழில் வேண்டும் என்று வீட்டுக்கு எடுத்துப் போனான். பாட்டி படித்தது மூன்றாம் வகுப்பு வரை. "கொழுக்கட்டை" என்று கோணல் எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். கீழே பையன் அதைப் பார்த்துத் தானும் ஒரு முறை எழுதியிருந்தான். அவன் எழுதிய முதல் தமிழ்ச் சொல் அது என்று பிறகு அவன் அம்மா சொன்னார்.

புத்தகத்துக்கு 398.2 என்று எண் ஒட்டி, பதிவேட்டில் ஏற்றினேன். அந்த ஆண்டு இருப்பு சரிபார்க்க வந்தவர் விலை என்ற கட்டத்தில் விரலை வைத்து, "இது என்ன, காலியாக இருக்கிறதே?" என்றார். "அன்பளிப்பு" என்று எழுதிக் கொடுத்தேன்.

நாம் செய்யக் கூடியது

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் கதைப் புத்தகங்களும் இருக்க வேண்டும் என்று அட்டவணையிலேயே சொல்கிறது. பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது மதிப்பெண்ணை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். "லைப்ரரி அலமாரி திறந்திருக்கிறதா? என் பிள்ளை இந்த மாதம் என்ன புத்தகம் எடுத்தான்?" என்றும் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் சாவி அசையும்.

தமிழ்ப் புத்தகம் இங்கே கிடைப்பதில்லை என்பது நாம் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலய வரிசை தமிழிலும் வருகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் ஹிந்தியிலும் கதைகள் இலவசம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒரு பக்கம் பிள்ளை ஹிந்தியில் படிக்க, மறு பக்கம் நீங்கள் தமிழில் படிக்கலாம்.

ஊரிலிருந்து வந்த அப்பாவோ அம்மாவோ, அத்தையோ மாமாவோ உங்கள் வீட்டில் இருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மடித்து, வெட்டி, பிள்ளையையும் அவர்களையும் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டு நீங்கள் சமையலறைக்குப் போய்விடுங்கள். கதை தெரியாது என்றுதான் இருவரும் முதலில் சொல்வார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

புத்தகம் தயாரானால் அடுத்த முறை சங்கத்துக்கு வரும்போது எடுத்து வாருங்கள். ஓய்வு பெற்றுவிட்டாலும் எண் ஒட்டும் பழக்கம் என்னை விடவில்லை. 398.2 சீட்டுகளும் பசையும் என் கைப்பையில் இருக்கும்.