துவைக்கப் போன பெண் வெளுத்துக் கட்டிய கதை

கையில் அழுக்குத் துணி மூட்டை. வயசு 14. பெயர் லொலீட்டா ஷான்டே குடன். வருஷம் 1984. இடம், நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ். நம்ம ஊர் ஹவுசிங் போர்டு மாதிரி அரசாங்கம் கட்டிக் கொடுத்த குடியிருப்பு. 3,000 வீடுகளுக்கு மேல்! துணி துவைக்கப் புறப்பட்டவளை வழியில் கூப்பிட்டு, ஒரு பாட்டு பாடித் தர முடியுமா என்று கேட்டார் அதே குடியிருப்பைச் சேர்ந்த மார்லி மார்ல். வீட்டிலேயே ரெக்கார்டிங் சாமான்கள் வைத்திருந்த இளைஞர்.

இருங்கள், நடுவே ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக்.

ப்ரூக்ளினைச் சேர்ந்த யூ.டி.எஃப்.ஓ. என்ற ராப் கோஷ்டி அந்த வருஷம் ஓர் இசைத்தட்டு போட்டது. (ராப் என்றால், தாளத்தின் மேல் ஏறி உட்கார்ந்து எதுகை மோனையோடு மளமளவென்று பேசுவது.) முன்பக்கப் பாட்டை யாரும் சீந்தவில்லை. பின்பக்கம் ஒப்புக்குச் சேர்த்திருந்த 'ராக்ஸேன், ராக்ஸேன்' பிய்த்துக்கொண்டு போனது. விஷயம் அரதப் பழசு. ராக்ஸேன் என்று ஒரு பெண். மூன்று பேர் வரிசையாகப் போய்த் தங்கள் அருமை பெருமைகளை அளந்து விடுகிறார்கள். அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உடனே, அவளுக்குத் திமிர் என்று தீர்ப்பு. பஸ் ஸ்டாப்பில் நின்று பழகிய வாசகிகளுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்.

இந்தக் கோஷ்டி ஒரு நிகழ்ச்சிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் காலை வாரியது. ஏற்பாடு செய்திருந்த மார்லி மார்லும், ரேடியோவில் ராப் ஒலிபரப்பிய மிஸ்டர் மேஜிக்கும் எரிச்சலில் புலம்பிக்கொண்டிருந்தது ஷான்டே காதில் விழுந்தது. நான் பதில் கொடுக்கிறேன் என்றாள். அப்படித்தான் அந்தத் துணி மூட்டை வழியில் நின்றது.

எழுதி வைத்துப் பாடவில்லை. யூ.டி.எஃப்.ஓ.வின் தாளத்தையே ஓடவிட்டு, நான்தான் ராக்ஸேன் என்று ஆரம்பித்து, மூன்று பேரையும் ஒவ்வொருவராக நிற்க வைத்து, வாயில் வந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள். கீச்சுக் குரல். ஆனால் ஒவ்வொரு வரியும் சாட்டையடி. பாடி முடித்துவிட்டு துணி துவைக்கப் போய்விட்டாள். கூலி? ஒரு ஜீன்ஸ் பேன்ட் கிடைக்கும் என்ற நம்பிக்கை. பின்னாளில் அவர் சொன்ன கணக்கு இது.

பாட்டுக்கு எதிர்ப்பாட்டு நமக்குப் புதிதில்லை. லாவணியில் எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் விடிய விடிய மல்லுக்கட்டும். ஆனால் மன்மதன் எழுந்து வந்து தன் கட்சியைச் சொன்னதில்லை. இங்கே பாட்டில் வாயே திறக்காத பெண் இசைத்தட்டைவிட்டு இறங்கி வந்து, இனி நான் பேசுகிறேன் என்று சொன்ன மாதிரி ஆயிற்று.

'ராக்ஸேன்ஸ் ரிவெஞ்ச்' நியூயார்க் வட்டாரத்தில் மட்டும் 2,50,000 பிரதிகள் விற்றதாகச் சொல்வார்கள். தாளம் எங்களுடையது என்று எதிர்த்தரப்பு சட்டத்தைக் காட்டியதும், வேறு தாளத்தில், கெட்ட வார்த்தைகளைக் கழித்துவிட்டு மறுபடி பதிவு செய்தார்கள். யூ.டி.எஃப்.ஓ. தரப்பு சும்மா இருக்குமா? 'தி ரியல் ராக்ஸேன்' என்று வேறொரு பெண்ணைக் கொண்டுவந்து இறக்கியது. அப்புறம் ஊரே கிளம்பிவிட்டது. ராக்ஸேனின் பெற்றோர் ஒரு பாட்டு, டாக்டர் ஒரு பாட்டு, ராக்ஸேன் பெண்ணே இல்லை, ஆண் என்று ஒரு பாட்டு! கடைசியில், போதுமடா சாமி, இனி ராக்ஸேனே வேண்டாம் என்றுகூட ஒரு இசைத்தட்டு வந்தது. மொத்தம் 30 என்பாரும் உண்டு, 100 என்பாரும் உண்டு.

பி.காம். படித்தவன் கண் வரவு-செலவுப் பக்கம்தான் போகும். இத்தனை பேர் கல்லா கட்டிய வியாபாரத்துக்கு முதல் போட்டவர்களில் ஒருத்தி மைனர் பெண். ஒப்பந்தம், ராயல்டி, ஆடிட்டர் எதுவும் தெரியாத வயசு. சேரவேண்டிய பணம் தன் கைக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை என்று ஷான்டே பிற்காலத்தில் பேசியிருக்கிறார்.

இன்னொரு கணக்கும் உதைக்கிறது. 1985-ல் நியூயார்க்கில் 'நியூ மியூசிக் செமினார்' என்ற விழாவில் நேருக்கு நேர் ராப் போட்டி. ஆம்பளைகளை ஒவ்வொருவராகச் சாய்த்து இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். எதிரே பிஸி பீ என்ற பழம்பெரும் கில்லாடி. நடுவர்களில் ஒருவரான கர்டிஸ் ப்ளோ அவளுக்குப் போட்ட மார்க் வெறும் 4. பிஸி பீ ஜெயித்தார். சின்னப் பெண் ஜெயித்தால் ராப் கலையை யாரும் மதிக்க மாட்டார்கள் என்ற பயம்தான் காரணம் என்று பல வருஷம் கழித்துத் தெரிய வந்ததாக ஷான்டே சொல்கிறார். மூன்று வாலிபர்கள் கொடுத்த 'திமிர்' சர்டிபிகேட்டே தேவலாம் போலிருக்கிறது!

இருபத்தைந்து வயசு வாக்கில் ஷான்டே இசைத்தட்டுத் தொழிலிலிருந்து ஒதுங்கிவிட்டார். 2017-ல் அவர் வாழ்க்கையை 'ராக்ஸேன் ராக்ஸேன்' என்று படமாக எடுத்தார்கள். யூ.டி.எஃப்.ஓ. பாட்டின் அதே தலைப்பு. 2025-ல் கிராமி அமைப்பு வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்தது. பிரின்ஸ், தாஜ் மஹால் என்ற ப்ளூஸ் பாடகர் எல்லாரும் இருந்த அதே பட்டியலில். தனியாகப் பாடும் ராப் பெண்களில் அந்த விருதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான்.