உங்களுக்குத் தெரியுமா? உறைகுளிரில் முக்கியெடுத்த கிட்டார் தந்தி

ஜவ்வாது மலைக் காவலூரில் 1986-இல் திறக்கப்பட்டது 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி. அங்கே விண்மீன்களைப் பதியும் சிசிடி கேமராக்களைத் திரவ நைட்ரஜனால் குளிர்விக்கிறார்கள். வெப்பத்தால் எழும் மின் இரைச்சல் அடங்கினால்தான் மங்கலான விண்மீனும் படத்தில் விழும்.

அதே திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரி செல்சியஸில், குளிர்வித்த கிட்டார் தந்திகளும் விற்பனையில் உண்டு. பலன் இருக்கிறதா?

• உறைகுளிர், சூடாக்கிக் கடினப்படுத்திய எஃகின் உள்ளமைப்பை மாற்றும். தந்தி எஃகோ கம்பியாக இழுத்தே வலுவேற்றப்பட்டது. குளிர் மாற்றுவதற்கு அதில் அதிகம் இல்லை.

• தந்தியின் நாதம் மங்குவது பெரும்பாலும் வியர்வையாலும் துருவாலும்தான். சுற்றுக்கம்பியின் இடுக்குகளில் அழுக்கு படிந்தால் மேற்சுரங்கள் அமுங்கிவிடும். அதனால் 1997-இல் எலிக்ஸிர் என்ற தந்தி பிராண்ட் கொண்டுவந்த மெல்லிய பாலிமர் பூச்சு தந்தியின் ஆயுளை உண்மையிலேயே நீட்டிக்கிறது.

• தந்தி வாங்கும்போது அது எதனால் ஆனது என்று பாருங்கள்: அக்கூஸ்டிக் கிட்டாருக்கு பாஸ்பர் வெண்கலம், எலக்ட்ரிக்குக்கு நிக்கல் பூசிய எஃகு, கிளாசிக்கலுக்கு நைலான் பொருந்தும்.

• அக்கூஸ்டிக்கில் புதிதாகப் பழகுபவர்கள் முதல் தந்தி 0.010 அங்குலம் உள்ள செட்டை வாங்கலாம். விரல் அதிகம் நோகாது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். செலவில்லாத சிறந்த பராமரிப்பு அதுவே.