நிலக்கடலைச் செடியின் அமைப்பும் வளர்ச்சியும்

நிலக்கடலை என்பது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த, ஓராண்டுக்குள் வளர்ந்து முடியும் ஒரு செடியாகும். இதன் பூ நிலத்துக்கு மேலே மலர்கின்றது. காயோ மண்ணுக்குள் முற்றுகின்றது. மண்ணைத் தோண்டி எடுப்பதால் இதனை வேரில் விளையும் பொருள் எனக் கருதுவோர் உண்டு. உண்மையில் இது, கருவுற்ற பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் ஓர் உறுப்பின் நுனியில் உண்டாகும் கனியாகும். இதனை அறிந்தால் மண் அணைத்தல், ஜிப்சம் இடுதல் ஆகிய வேளாண் பணிகளின் காரணமும் விளங்கும்.

பெயரும் பரவலும்

இதன் தாயகம் தென் அமெரிக்கா. 1753 இல் லின்னேயசு இதற்கு இட்ட அறிவியல் பெயர் அராக்கிஸ் ஹைப்போஜியா என்பதாகும். ஹைப்போஜியா என்னும் சொல் நிலத்தின் அடியில் இருப்பதைக் குறிக்கும். தமிழ்நாட்டில் வேர்க்கடலை என்ற பெயரும் பெருவழக்காக உள்ளது. விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர் பகுதிகளில் மணிலாக்கொட்டை, மல்லாட்டை என்பர். இப்பெயர்கள் பிலிப்பைன்சு நாட்டின் மணிலா நகரின் பெயரிலிருந்து வந்தவை.

விழுப்புரம் மாவட்டத்தின் கண்டாச்சிபுரம், திண்டிவனம் வட்டாரங்களில் இது மானாவாரியாகவும் இறவையிலும் பயிரிடப்படுகின்றது. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உள்ளது. டி.எம்.வி. என்று தொடங்கும் இரகங்கள் அவ்வூரின் பெயரைத் தாங்கியவை. அவற்றுள் டி.எம்.வி. 2 என்னும் கொத்து இரகம் 1940 இல் வெளியிடப்பட்டது. இது குடியாத்தம் கொத்து என்னும் வகையிலிருந்து தெரிவு செய்யப்பட்டதாகும்.

முளைத்தல்

விதையை இரண்டாகப் பிளந்தால் இரு வித்திலைகளும், அவற்றின் இடையே சிறிய முளைக்கருவும் காணப்படும். முதலில் முளைவேர் கீழ்நோக்கி வளரும். பின்னர் வித்திலைகளுக்குக் கீழுள்ள தண்டுப் பகுதி நீண்டு, அவற்றை மேலே தள்ளும். வித்திலைகள் மண்ணின் மேற்பரப்பை அடைந்ததும் இந்நீட்சி நின்றுவிடும். ஆகவே இவை அவரையின் வித்திலைகளைப் போல உயர எழுவதில்லை. பட்டாணியின் வித்திலைகளைப் போல மண்ணுக்குள் தங்கிவிடுவதும் இல்லை.

வேர், தண்டு, இலை

இச்செடி ஆணிவேர்த் தொகுதி உடையது. காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்தும் பாக்டீரியாக்கள் வேர் முடிச்சுகளில் வாழ்கின்றன. பல அவரையினச் செடிகளில் இவை வேர்த்தூவிகளின் வழியே நுழையும். நிலக்கடலையிலோ பக்கவேர்கள் வெளிப்படும் இடத்தில் உண்டாகும் வெடிப்புகளின் வழியே நுழைகின்றன.

வித்திலைகளின் கக்கத்திலிருந்து முதற் கிளைகள் தோன்றும். ஒவ்வொரு கூட்டிலையும் இரண்டு இணைகளாக அமைந்த நான்கு சிற்றிலைகளைக் கொண்டது. சிற்றிலைகளின் அடியிலுள்ள புடைப்பில் நீரழுத்தம் மாறுவதால் அவை இரவில் மூடி, பகலில் விரியும்.

பூவும் விழுதும்

விதைத்த 25 முதல் 30 நாட்களில் மஞ்சள் நிறப் பூக்கள் தோன்றத் தொடங்கும். பூவின் காம்பு போலத் தோன்றும் மெல்லிய பகுதி காம்பன்று. அது நீண்ட குழலாகும். சூலகம் அதன் அடியில், இலைக் கக்கத்தை ஒட்டி அமைந்துள்ளது. பூ அதிகாலையில் விரிந்து அன்றே வாடிவிடும். பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையே நடைபெறும்.

கருவுற்ற பின், சூலகத்தின் அடியிலுள்ள செல்கள் பிரிந்து பெருகுகின்றன. இதனால் ஊசி போன்ற ஓர் உறுப்பு வளர்ந்து, புவியீர்ப்புத் திசையில் கீழே இறங்கும். இது விழுது அல்லது ஊசி எனப்படும். கருவுற்ற சூல்கள் இதன் நுனிக்கு அருகில் உள்ளன. விழுது வெளிச்சத்தில் இருக்கும் வரை கரு மேலும் வளராது. மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழம் சென்று இருளை அடைந்த பின்னரே விழுதின் நீட்சி நின்று, நுனி கிடைமட்டமாகத் திரும்பிக் காயாகப் பருக்கும். தண்டின் உயரமான கணுக்களில் தோன்றும் விழுதுகள் மண்ணை எட்டாமல் காய்ந்துவிடும்.

காய் நிரம்புதல்

வேர் உறிஞ்சும் கால்சியம், நீருடன் சேர்ந்து பெரும்பாலும் இலைகளுக்கே செல்கின்றது. இலையை அடைந்த கால்சியம் அங்கிருந்து காய்க்குத் திரும்புவது மிகக் குறைவு. எனவே, வளரும் காய் தனக்குத் தேவையான கால்சியத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரடியாக உறிஞ்ச வேண்டியுள்ளது. காய்கள் உள்ள மேல்மண்ணில் இச்சத்தோ ஈரமோ குறைந்தால், செடி செழிப்பாக இருந்தாலும் காய் பொக்காகிவிடும்.

இதனாலேயே தமிழ்நாட்டில் ஒரு ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் பரிந்துரைக்கப்படுகின்றது. ஏறத்தாழ 40 முதல் 45 நாட்களில் இதனைச் செடியின் அடியில் இட்டு மண் அணைப்பர். மண் அணைப்பதால் விழுதுகள் இறங்க இளகிய மண் கிடைக்கின்றது. அதன் பின்னர் மண்ணைக் கொத்தினால், இறங்கிய விழுதுகள் அறுபட்டு விளைச்சல் குறையும்.

முதிர்ச்சி

கொத்து வகைகள் பொதுவாக 100 முதல் 110 நாட்களில் முதிரும். முற்றிய காயின் ஓட்டை உடைத்தால் அதன் உட்புறம் கருமையடைந்திருக்கும். கொத்து வகைகள் பலவற்றின் விதைகளுக்கு உறக்க நிலை குறைவு. அதனால் அறுவடை தள்ளிப்போய் மழை பெய்தால், விதைகள் மண்ணிலேயே முளைத்து இழப்பு ஏற்படும்.

பிடுங்கிய செடி ஒன்றைக் கழுவிப் பார்த்தால் இவ்வமைப்பு தெளிவாகத் தெரியும். முடிச்சுகள் வேரில் ஒட்டியிருக்கும். காய்களோ விழுதுகளின் வழியே தண்டின் கணுக்களோடு இணைந்திருக்கும்.