இரவில் கசியும் மின்சாரம்
(வாசலில் நிற்கும் கார் – 9)

சென்ற வாரம் ஆல்டர்னேட்டரைப் பார்த்தோம். ஓடும்போது சார்ஜ் சரியாக ஏறுகிறது, ஆனாலும் இரண்டு நாள் நிறுத்தினால் கார் ஸ்டார்ட் ஆவதில்லை என்றால் எங்கே தேடுவது?

சித்தூரில் இந்தக் கேள்விக்குச் சட்டென்று ஒரு பதில் வரும்: புது பேட்டரி போடு. காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் மின் பொறியாளராக இருந்து ஊர் திரும்பிய சித்தூர் மாவட்டக்காரர் கல்லா ராமச்சந்திர நாயுடு, 1985-இல் அமர ராஜா நிறுவனத்தைத் தொடங்கினார். திருப்பதியை ஒட்டிய கரகம்பாடியிலும் சித்தூர்ப் பக்கத்திலும் அதன் ஆலைகள் இருக்கின்றன. அதன் அமரான் பேட்டரி இங்கே உள்ளூர்ச் சரக்கு.

சித்தூரில் இருக்கும் என் சித்தப்பாவின் காரும் இப்படித்தான் படுத்துக்கொண்டது. அவரும் அதையேதான் சொன்னார். "நம்ம ஊர்ல செய்யற பொருள்தானே, இன்னொண்ணு வாங்கிப் போட்டுடலாம்டா." காரில் இருந்த பேட்டரி போன தீபாவளிக்குப் போட்டது. அதற்குள் செத்துப்போக நியாயமே இல்லை. "ஒரு நாள் பொறுங்க சித்தப்பா, அளந்து பார்த்துடலாம்" என்றேன்.

முதலில் கணக்கு. சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்யும்போது 100, 150 ஆம்பியர் வரை பாயும். பார்க்கப் பெரிய எண். ஆனால் இரண்டு விநாடியில் முடிந்துவிடுவதால் மொத்தச் செலவு 0.1 ஆம்பியர்-மணியைக்கூட எட்டாது. நின்றிருக்கும் காரில் இரவும் பகலும் சொட்டுவதுதான் பேட்டரியைக் காலி செய்யும். பூட்டிய காரிலும் கடிகாரம், அலாரம், ரிமோட் சாவிக்குக் காத்திருக்கும் சர்க்யூட் எல்லாம் கொஞ்சம் குடிக்கும். 20 முதல் 50 மில்லி ஆம்பியர் என்றால் கவலை இல்லை. 50 என்றே வைத்தாலும் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணிதான், சின்ன காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு வாரம் தாராளமாகத் தாங்கும். இரண்டே நாளில் படுத்துவிட்டால் வேறெங்கோ பெரிய ஓட்டை.

பேட்டரியை ஒரு ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டு, மறுநாள் காலையில் சோதித்தோம். சார்ஜரை எடுத்துவிட்டுச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் 12.6 வோல்ட். நல்ல பேட்டரி. 12.2-க்குக் கீழே இருந்தால் பாதி காலி என்று அர்த்தம்.

இனி கசிவை அளக்க வேண்டும். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, கிளாம்புக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை இணைக்க வேண்டும். அது அப்படி இருக்கும்போது சாவியைத் தொடவே கூடாது. ஸ்டார்ட் செய்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். முன்கூட்டியே ஒரு வேலை: ஃபியூஸ் பெட்டிக்குக் கை போகும்படி கதவைத் திறந்து வைத்து, பூட்டின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளிவிட வேண்டும். கதவு மூடியிருப்பதாக கார் நம்பும். பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். புதுக் கார்களின் கம்ப்யூட்டர்கள் உடனே தூங்குவதில்லை. அவை விழித்திருக்கும்போது அளந்தால் இல்லாத கோளாறு இருப்பதாகத் தெரியும்.

அரை மணிக்குப் பிறகும் மீட்டரில் 0.44 ஆம்பியர். ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர்-மணிக்கு மேல்! ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். உள் விளக்குகளின் ஃபியூஸ் வந்ததும் 0.02-க்கு இறங்கியது. காருக்குள் எந்த விளக்கும் எரியவில்லை. மிச்சம் டிக்கி. மூடியிருக்கும் டிக்கிக்குள் எப்படிப் பார்ப்பது? ஃபியூஸைத் திரும்பப் போட்டு, செல்போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடினோம். படத்தில் விளக்கு அணையவே இல்லை. மூடியின் சுவிட்ச் அழுந்தவில்லை. அந்த 5 வாட் பல்பு ஒன்றே போதும், இரண்டு நாளில் பேட்டரியில் பாதிக்கு மேல் தின்றுவிட.

எல்லாக் காரிலும் டிக்கி விளக்காக இருக்காது. பின்னால் பொருத்திய ஜிபிஎஸ், டேஷ் கேமரா, ஸ்டீரியோ ஆகியவற்றை முதலில் சந்தேகிக்கலாம். எந்த ஃபியூஸைப் பிடுங்கியும் குறையவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் டயோடைப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் தடித்த கம்பி பெரும்பாலும் இந்த ஃபியூஸ் பெட்டி வழியாகப் போவதில்லை. சாவியில்லாமல் திறக்கும் கார் வைத்திருப்பவர்கள் சாவியைக் காரை ஒட்டிய சுவரில் மாட்டக் கூடாது. பக்கத்திலேயே சாவி இருந்தால் சில கார்கள் தூங்காது.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர்கள் இவை. சூடு ஏற ஏற பேட்டரி தானாகவே இழக்கும் சார்ஜும் கூடும், ஆயுளும் குறையும். திருப்பதி மலையடிவாரத்தில், அலிபிரியில் காரை விட்டுவிட்டு மலையேறுகிறவர்கள் நிழல் பார்த்து நிறுத்த வேண்டும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றிவிடுங்கள். காலியாகவே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகிவிட்டால், எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் முழுதாகத் திரும்பாது.

அளந்து பார்க்காமல் பேட்டரியை மாற்றக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குப் பணம் மட்டும் காரணம் இல்லை. பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். எடைக்குப் போடும் பழைய பேட்டரியின் ஈயத்தைக் கொல்லைப்புற உலைகளில் உருக்கினால், அந்தப் புகையில் வரும் ஈயம் பக்கத்தில் விளையாடும் குழந்தைகளின் ரத்தத்தில் போய்ச் சேரும். அவர்களின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டு விதிகள் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. உண்மையாகவே ஆயுள் முடிந்த பேட்டரி என்றால், தெருவில் எடைக்கு எடுப்பவரிடம் கொடுக்காமல், புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து பில்லில் கழித்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)