மீண்ட வீரர்க்கு ஒரு வீடு

போர் முடிந்ததும் வெற்றிவிழா எடுத்தல் நாடுகளுக்கு எளிது. போரிட்டு மீண்டவனுக்கு ஒரு கூரை அளித்தல் அத்துணை எளிதன்று.

அமெரிக்க வரலாறே இதற்குச் சான்று. முதலாம் உலகப் போரிற் பொருத வீரர்கள், 1945இல் தரப்படவிருந்த கொடைப்பணத்தை வறுமை காரணமாக முன்கூட்டியே வேண்டி, 1932ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரிற் குடிசையிட்டுத் தங்கினர். யூலை 28ஆம் நாள், அவர்கள் ஒருகாலத்திற் பணியாற்றிய அதே இராணுவம் அவர்களைத் துரத்திற்று, குடிசைகள் தீக்கிரையாயின. இவ்வவமானம் மறக்கப்படவில்லை. 1944இல் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட சட்டம், மீண்டு வந்த வீரர்க்குக் கல்வியுதவியும் வீட்டுக் கடனுக்கு அரசின் பிணையும் வழங்கிற்று.

ஆயினும், பிற்காலப் போர்களிலிருந்து மீண்டோரிற் பலர் வீதியையே அடைந்தனர். 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஓரிரவில் வீடற்றிருந்த வீரர் 74,000க்கு மேற்பட்டோர். 2024இல் அத்தொகை 32,882 ஆகக் குறைந்தது.

இக்குறைவு எங்ஙனம் நிகழ்ந்தது? குடியை விட்டுத் தொழிலைத் தேடிய பின்னரே வீடு என்பது பழைய முறை. நடைபாதையில் உறங்குபவன் மருந்தை ஒழுங்காக உண்பது எங்ஙனம்? முகவரியற்றவனுக்குத் தொழில் தருவார் யார்? ஆதலின் அம்முறை தலைகீழாக மாற்றப்பட்டது. 2008 முதல் விரிவுபெற்ற திட்டத்தின்படி முதலில் வீடு அளிக்கப்பட்டது. வீரர் தம் வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தை வாடகையாகச் செலுத்த, எஞ்சியதை அரசு ஏற்றது. படைவீரர் நலத் திணைக்களத்தின் சமூக சேவையாளர் அவரை அடிக்கடி கண்டு, சிகிச்சைக்கும் தொழிலுக்கும் வழிகாட்டினார்.

போர் மனத்தில் இட்ட வடு முற்றும் மறைவதில்லை. எனினும், அச்சமின்றி உறங்க ஓர் அறை கிடைத்தபின் அவ்வடுவுடன் வாழப் பழகலாம். மாண்டவர்க்குத் தூண் எழுப்புதல் ஒரு நாளில் முடியும் கடமை. மீண்டவரைப் பேணுதல் அவர் வாழ்நாள் முழுவதும் தொடரும் கடமையன்றோ?