கிணறும் குழந்தையும்: இளஞ்சிறார்க்கு ஏற்ற பானங்கள்

விழா மலரொன்றிலே கல்லூரியின் வரலாற்றையும், அதனை வளர்த்த ஆசிரியப் பெருமக்களின் தொண்டினையும், விளையாட்டுக் களத்து வெற்றிகளையும் எடுத்துரைத்தல் மரபு. அவற்றை எழுதுதற்கு எம்மினும் வல்லார் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு சிறு கோப்பையினுள் அடங்குவது. குழந்தை எதனைக் குடிக்கலாம், எதனைக் குடிக்கலாகாது என்பதே அது. பழைய மாணவருட் பலர் இன்று தந்தையராகவும் பாட்டன்மாராகவும் இருக்கின்றனர். இன்றைய மாணவர் நாளை அந்நிலையை அடைவர். ஆதலின் இது பெண்களுக்குரிய பேச்சு என ஒதுக்கத்தக்கதன்று. அன்றியும், தீவகத்தில் இவ்வினா பால்மாப் பேணியில் தொடங்குவதில்லை, கிணற்றடியிலே தொடங்குகின்றது.

பண்ணைப் பாலத்தைக் கடந்து குறிகட்டுவானை நோக்கிச் செல்லும் வீதியில், அல்லைப்பிட்டிக்கு அப்பால் உள்ளது மண்கும்பான். இவ்வூரினதும் அயலிலுள்ள சாட்டியினதும் மணற்பரப்பு நன்னீருக்குப் பெயர்பெற்றது. புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களிலோ பல கிணறுகள் சவர்நீரே தருவன. ஒரு குடம் நல்ல தண்ணீருக்காக வெயிலில் நெடுந்தூரம் நடந்த தாய்மாரை அறியாத தீவார் இலர்.

மண்கும்பானுக்கு இப்பேறு வாய்த்தமைக்குக் காரணம் மணலே. ஐப்பசி, கார்த்திகை மாரிமழை மணலூடு விரைந்து இறங்கி, நிலத்தின் கீழுள்ள உவர்நீரின்மேல் ஒரு படையாகத் தங்குகின்றது. கடல்நீர் கனமானது, மழைநீர் இலேசானது. நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நிற்குமாயின், அதன் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நூலறிஞர் வகுத்த கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் கீழிருந்து 40 அடி உவர் ஏறும் என்பது அதன் மறுபக்கம். ஆகவேதான் மாரியில் இனித்த கிணறு ஆடி, ஆவணியிற் சவர்க்கின்றது. 98 குடம் மழைநீரில் 2 குடம் கடல்நீர் கலந்தாலே நாக்கு அதனை உணரத் தொடங்கும்.

வளர்ந்தோர் அச்சவரைப் பழகிக்கொள்வர். குழந்தையின் சிறுநீரகமோ அவ்வாறு பழகுவதன்று. மிகுந்த உப்பை விரைந்து வெளியேற்றும் ஆற்றல் அதற்கு இன்னும் வந்திலது. ஆதலால், குழந்தைக்குரிய பானத்தை ஆராய்வோர், அப்பானத்தில் உள்ள நீர் எங்கிருந்து வந்தது என்பதையே முதலிற் கேட்டல் வேண்டும்.

முதல் ஆறு மாதங்களுக்கு விடை எளிது. தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டியதில்லை. 2001ஆம் ஆண்டு உலக சுகாதார மாநாடு இவ்விதியை வலியுறுத்தியது. “பங்குனி வெயிலில் பிள்ளைக்குத் தொண்டை வறளாதோ?” என்று பாட்டிமார் கேட்பர். கேள்வி அன்பினால் எழுவது. விடையும் அவர்கள் மனங்கொள்ளத்தக்கது. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் நீரே. வெயில் மிகுந்தால் குழந்தை அடிக்கடி பால் கேட்கும். அதற்கு வேண்டிய நீர் அதனோடு சென்றுவிடும். சிறு வயிற்றில் வெறுந்தண்ணீரை நிரப்பினால் பாலுக்கு இடமில்லாது போகும். தண்ணீர் அளவு மீறினால் இரத்தத்தின் உப்புச்செறிவு குறைந்து வலிப்பும் உண்டாகலாம்.

இதனினும் வியப்பான செய்தியொன்று உண்டு. தாய் குடிப்பது சவர்நீரேயாயினும் அவள் பால் சவர்ப்பதில்லை. பாலில் சேரும் உப்பின் அளவை அவள் உடலே வரையறுத்துவிடுகின்றது. கோடையில் ஊர்க் கிணறெல்லாம் உவர்த்தபோதும் உவராத கிணறு ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றது, அது தாயே. ஆனால் அக்கிணற்றுக்கும் ஊற்று வேண்டும். பாலூட்டும் தாய்க்கு நல்ல தண்ணீரும் நல்ல உணவும் ஓய்வும் முதலிற் கிடைக்கச் செய்வது வீட்டு ஆடவரின் கடமை. பிள்ளைக்கென்று பால்மாப் பேணி வாங்கி அனுப்பும் வெளிநாட்டு அன்பர், அப்பணத்தைத் தாயின் உணவுக்கென அனுப்புவாராயின் பெரும்பயன் விளையும்.

பேணிப்பாலின் கதையையும் இங்கே சுருங்கச் சொல்லுதல் தகும். சீனி சேர்த்துச் சுண்டவைத்த ரின்பால் ஒருகாலத்திற் குழந்தைக்குரிய உணவென்றே விற்கப்பட்டது. அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் சீனி. 1939ஆம் ஆண்டு சிங்கப்பூரிலே சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், ‘பாலும் கொலையும்’ எனப் பொருள்படும் தலைப்பில் உரையாற்றி, இவ்வாறு மாண்ட குழந்தைகளுக்காக வாதாடினார். அவர் எழுப்பிய குரல் சட்டமாகப் பல ஆண்டுகள் சென்றன. 1981இல் உலக சுகாதார மாநாடு தாய்ப்பாலுக்கு மாற்றான பால்வகைகளின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் நெறிமுறையை ஏற்றது. இலங்கையும் அதனைத் தழுவித் தனக்கென ஒரு நெறிமுறையை வகுத்துக்கொண்டது. 2016ஆம் ஆண்டின் நாடளாவிய அளவீட்டின்படி, இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மாத்திரமே பெற்றனர். பல செல்வ நாடுகளும் எட்டாத நிலை இது. ஊர் ஊராகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்களின் உழைப்புக்கு இது சான்றாகும்.

பிறந்த குழந்தையின் நாவில் சீனித்தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. நாமும் அவ்வாறு தொட்டு வைக்கப்பட்ட பிள்ளைகளே. அதற்காக முன்னோரைப் பழிக்கமாட்டோம். எனினும், தேனில் ஒரு நுண்ணுயிரின் வித்துகள் இருக்கக்கூடும் என்பதும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சூட்டித் தசைகளைத் தளர்த்தும் என்பதும் 1976 முதல் வெளிப்பட்ட உண்மைகள். அறிந்த பின்னரும் செய்வது அன்பாகாது. ஓமத்தண்ணீர், மல்லித்தண்ணீர் முதலியனவும் ஆறு மாதம் நிறையாத பிள்ளைக்கு வேண்டா.

தாயை இழந்த குழந்தையும், தாய்க்குக் கடுநோய் வந்த குழந்தையும், முயன்றும் பால் போதாத குழந்தையும் எங்கும் உண்டு. அவர்க்கு மருத்துவர் சொற்படி குழந்தைப் பால்மா கொடுப்பதில் இழுக்கில்லை. ஆங்கே கிணறு மீண்டும் முன்னே வந்து நிற்கின்றது. பேணியின் மா எத்துணைச் சிறந்ததாயினும், கரைக்கும் நீர் தீதாயின் பால் தீதே.

நீரின் தீமை மூவகைப்படும். முதலாவது கிருமி. கொதிக்கவைத்தால் அது மாளும். இரண்டாவது உப்பு. கொதிக்கவைத்தால் அது போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய உப்புச் செறிவே கூடும். நாக்குக்குச் சவர் தெரியும் நீரிற் குழந்தைக்குப் பால் கரைத்தலாகாது. போத்தல் நீராயின் சோடியம் லீற்றருக்கு 200 மில்லிகிராமுக்கு உட்பட்டதா என்று சுட்டியிற் பார்த்தல் நன்று. மூன்றாவது நைத்திரேற்று. இதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை, கொதிக்கவைத்தாலும் போகாது. பசளையும் எருவும் மலக்குழிக் கசிவும் நிலத்தூடு இறங்கிக் கிணற்றை அடைவதால் இது சேர்கின்றது. 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மருத்துவர் ஹண்டர் கொம்லி, கிணற்று நீரிற் பால் கரைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் நீலம் பாரித்தமைக்கு இதுவே காரணம் எனக் காட்டினார். குடலில் இது மாற்றமடைந்து, இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் செறிந்த பயிர்ச்செய்கைப் பகுதிகளிற் பல கிணறுகள் இவ்வெல்லையை மீறியிருந்தமையை 1980களின் ஆய்வுகள் வெளிப்படுத்தின. ஆகவே இனிக்கும் கிணறெல்லாம் குழந்தைக்கு நல்ல கிணறென்று துணிதல் கூடாது. நீரைச் சோதித்தறிதல் வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் அதற்குரிய வழியை அறியலாம்.

நல்ல நீர் கிடைத்தபின் கரைக்கும் முறையும் உண்டு. நீரைக் கொதிக்கவைத்து, அரைமணி நேரத்துக்குள், 70 பாகைச் சூட்டிற் குறையாதிருக்கும்போதே மாவைக் கலத்தல் வேண்டும். மாவிலுள்ள கிருமியும் அப்போதுதான் அழியும். பின்னர் ஆற்றி, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்தே கொடுத்தல் வேண்டும். இரண்டு மணி நேரத்துள் குடியாது எஞ்சியதை ஊற்றிவிடுக. பேணி நெடுநாள் வரட்டும் என்று மாவைக் குறைப்பதும், பிள்ளை கொழுக்கட்டும் என்று கூட்டுவதும் ஒப்பத் தீயன. போத்தலினும் சூப்பியினும், கழுவி அவித்தெடுக்க எளிய கோப்பையும் கரண்டியுமே சிறந்தன.

ஆறு மாதம் நிறைந்தபின் தடித்த உணவோடு, கொதித்தாறிய நன்னீரைச் சிறிது சிறிதாகக் கோப்பையிற் பழக்கலாம். தாய்ப்பால் இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடர்தல் நலம். வடித்த கஞ்சித்தண்ணீரில் வயிறு நிறையுமேயன்றி உடல் வளராது. கரண்டியைச் சரித்தால் வழிந்தோடாத தடிப்பே உணவுக்கு அளவு. ஒரு வயதுவரை பசுப்பால் முதன்மைப் பானமாதல் ஆகாது. அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. ஆட்டுப்பாலில் போலிக் அமிலமும் குறைவு. ஒரு வயதுக்குப் பின் காய்ச்சிய பாலைக் கொடுக்கலாம். ஆயினும் நாளொன்றுக்கு அரை லீற்றருக்கு மேற்படின் பிள்ளை சோற்றை வெறுத்து, இரத்தம் குன்றி நிற்கும். வளரும் பிள்ளைக்கென்று தனியே விற்கப்படும் விலையுயர்ந்த பால்மா வேண்டியதில்லை என்பதே உலக சுகாதார நிறுவனம் 2023இல் கூறிய முடிபு.

இனி நம் வீடுகளில் வழங்கும் பிற பானங்களை நோக்குவோம். காலையில் தந்தையின் மூக்குப்பேணியிலிருந்து பிள்ளைக்கு ஒரு வாய் தேநீர் ஊற்றிக் கொடுப்பது பாசத்தின் அடையாளமாயிற்று. ஆனால் தேயிலைச் சாரம் உணவின் இரும்பை உடல் ஏற்காவண்ணம் தடுக்கின்றது. கருப்பநீர் நம் பனையின் கொடை. பெரியோர்க்கு இனிய குடிநீர். எனினும் அதிற் பத்தில் ஒரு பங்களவு சர்க்கரையே. கடைச் சோடாவும் ஏறத்தாழ அத்தகையதே. 200 மில்லிலீற்றரில் ஐந்து தேக்கரண்டிச் சீனி செல்கின்றது. 2016 முதல் இலங்கையில் மென்பானப் போத்தல்களிற் சீனியின் அளவைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறங்கள் காட்டலாயின. எழுத்தறியாச் சிறுவனும் அறியக்கூடிய பாடம் அது. பழச்சாறு ஒரு வயதுவரை வேண்டா. பின்னரும் சிறு கோப்பைக்கு மேல் வேண்டா. பழத்தைப் பழமாகவே மசித்துக் கொடுப்பது சாலச் சிறந்தது. ஒரு வயது கடந்த பிள்ளைக்கு இளநீரும், உப்புக் குறைந்த மோரும் இடையிடையே ஏற்றன. எனினும் தாகத்துக்குத் தண்ணீரே முதன்மை என்னும் பழக்கம் இவ்வயதில் வேரூன்றல் வேண்டும்.

வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்குத் தண்ணீர் கொடாது நிறுத்துதல் பெரும் பிழை. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமொன்றில் வாந்திபேதி பரவியபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரை வாய்வழி கொடுத்து, நூற்றுக்கு 30 அளவிலிருந்த சாவை 4க்கும் கீழே கொண்டுவந்தார். அதே முறையில் வந்ததே இன்று ‘ஜீவனி’ என நம்மிடை வழங்கும் பொதி. அதனைக் குறித்த அளவு நீரிலேயே கரைத்தல் வேண்டும். தீவார் மறவாது கொள்ளவேண்டியது இன்னொன்று: ஜீவனியின் உப்பு நன்னீருக்கென அளந்து வைக்கப்பட்டது. சவர்நீரிற் கரைத்தால் உப்பு அளவு மீறி, மருந்தே தீங்காகலாம். இளநீரில் சோடியம் குறைவாதலின் அது ஜீவனிக்கு ஈடாகாது. தாய்ப்பாலை நிறுத்தவும் கூடாது. பிள்ளை சோர்ந்தாலும், கண் குழிந்தாலும், குடிக்க மறுத்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். மறுகரைக்குப் படகேற வேண்டிய தீவில் ஒரு மணித்தியாலத் தாமதமும் பெரிது.

ஆதலின், இக்கட்டுரையைக் கோப்பையோடு முடிக்க நமக்கு மனம் வரவில்லை. 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்கவல்ல நிலையம் தாளையடியில் திறக்கப்பட்டது. இத்தகைய முயற்சிகள் வாழ்த்துக்குரியன. ஆனால் இயந்திரம் எத்துணை வந்தாலும், மழை தானே இறங்கித் தங்கும் மணலுக்கு அது ஈடாகாது. மண்கும்பானின் மணலை அள்ளி விற்பவன், தன் அயலவன் பேரனின் பாற்கோப்பையையே கவிழ்க்கின்றான். கிணற்றருகே மலக்குழி வெட்டுவோனும், இரவு பகலாக நீரிறைக்கும் இயந்திரத்தை ஓடவிடுவோனும் அதனையே செய்கின்றனர்.

ஊருக்குத் திரும்பும் அன்பர்காள்! கைக்குழந்தையோடு கோடை விடுமுறைக்கு வருகின்றீராயின், நீர் குடித்து வளர்ந்த கிணறு இன்றும் அவ்வாறே இருக்கும் என எண்ணி அதில் பால் கரைத்துவிடாதீர். முதலில் ஒரு வாய் குடித்துப் பாரும், பின்னர் சோதிப்பியும். ஊருக்கு ஏதேனும் செய்ய விரும்புவீராயின், ஒரு பொதுக் கிணற்றின் நீரைச் சோதிக்கவும், ஒரு பள்ளிக்கூடக் கூரையின் மாரிமழையைத் தொட்டியில் ஏந்தவும் துணைசெய்யும். தாயையும் மணலையும் காத்தால் குழந்தைக்குரிய பானம் தானே காக்கப்படும். அதனைச் செய்வோமாக.